வாத்து மார்க்குக் கைலி

போன வாரம் மகன் எனக்கு ஒரு புதுக் கைலி வாங்கிவந்தான். செபராங் ஜெயாவில் அவன் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய கடையில் எடுத்ததாம். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் நான் முதலில் செய்த காரியம், மடிப்புக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்து பார்த்ததுதான். கஞ்சி வாசனை இருந்தது. ஆனால் பழைய கஞ்சி வாசனை இல்லை, ஏதோ மருந்து கலந்த மாதிரி. அப்புறம் ஓரத்தில் ஒட்டியிருந்த தாளைக் கிழியாமல் நகத்தால் நெம்பி எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமா, அவ்வளவு நேரம் பாக்குறீங்க? சும்மா ஸ்டிக்கர்தான்லா."

ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். அவளிடம் வேறென்ன சொல்ல? அந்தச் சும்மா ஸ்டிக்கரை வைத்துக்கொண்டு நான் ஒரு காலத்தில் ஒரு காரியம் செய்தேன். என் மனைவி இருந்தவரை அவளிடம்கூட அதைச் சொன்னதில்லை. நீங்கள் கேளுங்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு எனக்குப் பினாங்கில், சூலியா தெருவில் ஒரு கைலிக் கடையில் வேலை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் கைலிகளை விற்கும் கடை. முதலாளியை எல்லோரும் ராவுத்தர் என்றே சொல்வோம். மூட்டை பிரிக்கிற நாளில் கைலியின் கஞ்சி வாசனையும் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையின் மீன் குழம்பு வாசனையும் ஒன்றாகக் கலந்து வயிற்றைக் கிள்ளும். இப்போதும் புதுத் துணியை முகர்ந்தால் எனக்கு மீன் குழம்புதான் ஞாபகம் வருகிறது. குழம்பை டாக்டர் தடுத்துவிட்டதால் துணியை மட்டும் முகர்ந்துகொள்கிறேன்.

ராவுத்தர் கத்தி வியாபாரம் செய்கிறவர் இல்லை. பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார். வாங்க வந்தவர் கைலியைக் கையில் எடுத்ததும் அதன் நுனியை நனைத்து, தன் வெள்ளைச் சட்டையின் கைமேலேயே வைத்துப் பிழிவார். சட்டை வெள்ளையாகவே இருக்கும். அதன்பிறகு துணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா, மாடு கன்று போட்டதா, அந்தப் பல்வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். பல்வலி முதற்கொண்டு ஞாபகம் வைத்திருப்பார்.

எங்கள் கைலியில் வாத்துப் படம் போட்ட தாள் ஒட்டியிருக்கும். அது வாத்தானதே ஒரு கதை. ராவுத்தர் ஆசைப்பட்டது அன்னப்பறவை. அச்சாபீஸ் வைத்திருந்த சீனர் அன்னத்தைப் பார்த்ததில்லை. நாங்கள் மட்டும் பார்த்தோமா என்ன? அவர் தனக்குத் தெரிந்த பறவையைப் போட்டுக் கொடுத்துவிட்டார். மலாய்க்காரர்கள் அதைப் பார்த்து 'இத்தேக்', அதாவது வாத்து என்று பெயர் வைத்தார்கள். அடுத்த முறை அச்சடிக்கும்போது சரியான அன்னமாகப் போட்டுவிடலாமே என்று நான் யோசனை சொன்னேன். அப்போது எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை இருந்தது.

"வேணாம் தம்பி" என்றார் ராவுத்தர். "நாம வச்ச பேரு நம்மகிட்ட இருக்கட்டும். ஜனங்க என்ன சொல்லிக் கேக்குறாங்களோ அதுதான் பேரு."

தாளை ஒட்டுவது அவர் வேலை. மரவள்ளி மாவுப் பசையைக் கிண்டி வைத்துக்கொண்டு, வாத்தின் மூக்கு மடிப்பைப் பார்த்து உள்பக்கமாக இருக்கும்படி ஒவ்வொன்றாக ஒட்டுவார். வாத்து வீட்டைப் பார்த்து நடக்க வேண்டுமாம்.

நான் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவன். மலாய் தண்ணீர்பட்ட பாடு. அதனால் கடல் தாண்டி அக்கரைக் கம்போங்குகளுக்கு, அதாவது கிராமங்களுக்கு, கைலி கொண்டுபோகும் வேலையை ராவுத்தர் என்னிடம் கொடுத்தார். படகில் அக்கரை போய், பஸ் பிடித்து கெப்பாலா பத்தாஸில் இறங்கி, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வரப்பில் நடக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஆணிவேர் மாதிரி ஒருவர் இருந்தார். மக் மினா. 'மக்' என்றால் அம்மா. ஐம்பது வயதிருக்கும். கல்யாணங்களில் மணப்பெண்ணை அலங்கரிப்பதும், மாப்பிள்ளை ஊர்வலத்தில் யார் என்ன உடுத்த வேண்டும் என்று தீர்மானிப்பதும் அவர்தான். அவர் இல்லாமல் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு கல்யாணம் நடக்காது.

ராவுத்தர் வாலிபத்தில் தலைச்சுமையாகக் கைலி விற்றுத் திரிந்தபோது ஒருநாள் காய்ச்சலில் இவர் வீட்டுப் படியில் விழுந்துவிட்டாராம். புருஷனும் பெண்டாட்டியுமாகப் பதினோரு நாள் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கப்பலிலும் வருகிற முதல் கைலி அந்த வீட்டுக்குத்தான். மக் மினா அதைத் துவைத்து, வெயிலில் போட்டு, மறுபடி துவைத்து, 'பகுஸ்', நல்லது என்று ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லுக்கு நாற்பது வீடு கைலி வாங்கும்.

அவர் பேசுவது மலாய்தான். எனக்கு ஏனோ அது தமிழாகவே ஞாபகத்தில் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் ராவுத்தர் தங்கை மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். கடையை ஒரு வயதான கணக்கரிடமும், அக்கரை வியாபாரத்தை என்னிடமும் விட்டுப் போனார். கப்பலேறும்போது சொன்னார்:

"சரக்கு இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. எங்க கெடைக்கும்னு நீயே கூட்டிட்டுப் போய்க் காட்டு. அப்படிப் போனவங்க திரும்பி வருவாங்க."

இது வியாபாரமா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வந்த ஆளை அடுத்த கடைக்கு அனுப்புகிறவன் பிழைப்பானா? இவர் திரும்பி வரும்போது என் சாமர்த்தியத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

மழைக் காலத்தில் ஒரு கப்பல் வரத் தாமதமானது. அந்த நேரம் பார்த்து மக் மினா கேட்டார். கிராமத்தின் பெரிய வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு முன்னால் ரெபானா என்கிற கைமுரசு அடித்துக்கொண்டு பன்னிரண்டு வாலிபர்கள் நடப்பார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் ஒரே மாதிரியான சிவப்புக் கட்டம் போட்ட கைலி. "பன்னெண்டும் வாத்தா இருக்கணும்" என்றார். கடையில் சிவப்பு இரண்டோ மூன்றோதான் இருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு எனக்கு நாக்கு வரவில்லை. "கொண்டாந்துர்றேன் மக்" என்றேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் மட்டமான சரக்கு இருந்தது. பார்வைக்கு எங்கள் கைலி மாதிரியே இருக்கும். பன்னிரண்டு வாங்கிவந்தேன். கணக்கர் மதியம் கண்ணயர்ந்திருந்தபோது அவர்கள் தாளை உரித்துவிட்டு, எங்கள் வாத்தை ஒட்டினேன். முதலாளியின் பித்தளைக் கிண்ணத்தில் ஒன்றின் நுனியை நனைத்தும் பார்த்தேன். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு வந்தது. முதல் நனைப்பில் எந்தத் துணிக்கும் கொஞ்சம் போகத்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பெண் வீட்டு முற்றத்தில் பந்தலுக்குக் கீழே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வரப்பில் ஊர்வலம் வருவது தெரிந்தது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெரிய மழைகூட இல்லை. பன்னிரண்டு பேரும் பாட்டை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே வந்தார்கள். கிட்டே வரவரத்தான் பார்த்தேன். வெள்ளைக் கால்சட்டைகளில் இடுப்பிலிருந்து முழங்கால்வரை சிவப்பு இறங்கியிருந்தது. வாசலில் விரித்திருந்த வெள்ளை விரிப்பில் அவர்கள் ஏறி நின்றதும் அதிலும் சொட்டியது. முன்வரிசைப் பையன் குனிந்து பார்த்துவிட்டு அடிப்பதை நிறுத்தினான். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கல்யாண வாசலில் இரத்தம் மாதிரி கறை. ஒரு கிழவி சத்தமாகவே அபசகுனம் என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் மக் மினாவைப் பார்த்தார். "இதுதான் உங்க வாத்துக் கைலியா?"

மக் மினா ஒரு பையனின் கைலி முனையைப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவ்வளவு பேருக்கு நடுவில் நேராக என்னை.

"கைலி மேல தப்பில்ல" என்றார். "கஞ்சி போகட்டும்னு நேத்து நாந்தான் சுண்ணாம்புத் தண்ணில ஊறப் போட்டேன். வயசாச்சு. புத்தி மழுங்கிப் போச்சு."

யாரோ சிரித்தார்கள். யாரோ அந்தச் சிரிப்பை அடக்கினார்கள். துணி நனைக்கத் தெரியாதவளா நம் வீட்டுப் பெண்ணை அலங்கரித்தாள் என்று ஒரு குரல் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. தட்டிலிருந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டேன். மிச்சம் வைத்தால் ஏன் சாப்பிடவில்லை என்று யாராவது கேட்பார்களே என்று பயம்.

அடுத்த கல்யாணத்துக்கு வேறொரு ஊரிலிருந்து அலங்காரக்காரியை வரவழைத்தார்கள். அதற்கடுத்ததற்கும்.

ராவுத்தர் திரும்பி வந்தபோது கதை அவருக்கு முன்னால் வந்து காத்திருந்தது. என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ அங்கதான இருந்த? என்னதான் ஆச்சு?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த சமயம் அதுதான். "சுண்ணாம்புத் தண்ணில ஊறப் போட்டுட்டாங்களாம்" என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். மக் மினாவுக்கு நல்ல கைலியாக இரண்டு எடுத்துக் கொடுத்தனுப்பினார். நான் அதைப் படியிலேயே வைத்துவிட்டு ஓடிவந்தேன். அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இனி யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்று, கைலி வாங்குகிற ஒவ்வொருவரிடமும் சொல்லியனுப்பும்படி ராவுத்தர் உத்தரவு போட்டார். "சுண்ணாம்புல மட்டும் நனைச்சிராதீங்க, மக் மினாவே ஏமாந்துட்டாங்க." கடையில் அவர் சொன்னார். அக்கரையில் வீடு வீடாக நான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். வியாபாரமும் நன்றாகவே நடந்தது. கொஞ்சநாளில் எனக்கே அந்தக் கதையைச் சுவாரசியமாகச் சொல்ல வந்துவிட்டது. கை நடுங்குவதுபோல் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் அவர் வீட்டுப் படியேறினேன். தனியாக உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னு சொல்லணும் மக்."

"வாத்து வெளிய பாத்துச்சு" என்றார் அவர்.

எந்த வாத்து என்று கேட்டேன்.

"ராவுத்தர் ஒட்டினா வாத்து உள்ள பாக்கும். அந்தப் பன்னெண்டும் வெளிய பாத்துச்சு. நீ கொண்டாந்த அன்னைக்கே பாத்தேன். அவர் ஊர்ல இல்ல, தம்பி அவசரத்துல ஒட்டியிருக்கும்னு நெனச்சேன். துணியச் சந்தேகப்படல."

"அப்ப எதுக்கு மக் சுண்ணாம்புன்னு சொன்னீங்க?"

"வாத்துதான் வாங்கணும்னு இருபது வருஷமா இந்தக் கம்போங்ல சொன்னது யாரு? கைலி மோசம்னா என் வாயும் மோசம்தான. கை தவறிப் போச்சுன்னா ஒரு நாளோட மறந்துருவாங்கன்னு நெனச்சேன்." வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "நீ வந்து வீடு வீடா ஞாபகப்படுத்துவேன்னு தெரியாது."

ராவுத்தரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வேணாம். ஊர் பூரா அவரும் அதத்தான சொல்லிட்டிருக்காரு. இப்ப மாத்திச் சொன்னா அவர் பேச்ச எவன் நம்புவான்? நீ மட்டும் சொல்லாத. அது போதும்."

நான் சொல்வதை நிறுத்தினேன். ஆனால் அவர் வேண்டாம் என்ற அந்த ஒரு சொல்லை எவ்வளவு ஆவலோடு பிடித்துக்கொண்டேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. மக் மினாவுக்காகச் சொல்லாமலிருந்தேன் என்று பல வருஷம் எனக்குள் சொல்லிவந்தேன். எனக்காகத்தான் சொல்லாமலிருந்தேன். ராவுத்தரின் முகத்தைப் பார்க்க முடியாமல் கொஞ்ச காலத்தில் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தேடிக்கொண்டு போய்விட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "எப்ப வேணும்னாலும் வா, இது ஒன் கடை" என்று அனுப்பினார்.

ஜப்பான்காரன் சண்டை வருவதற்கு முந்தின வருஷம் அவர் ஊருக்குப் போனார். அங்கேயே மௌத்தாகிவிட்டார். கடை கைமாறிக் கைமாறி இப்போது பயணிகள் தங்கும் விடுதியாக இருக்கிறது. வாத்துத் தாள் ஒன்றுகூட எங்கும் இல்லை. இரண்டு அருங்காட்சியகங்களில் கேட்டுப் பார்த்துவிட்டேன். மக் மினாவின் வீடு இருந்த இடத்தில் சாலை போகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு மகனுடைய நிலப் பத்திரம் விஷயமாக கெப்பாலா பத்தாஸ் அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இருபது வயது மலாய்ப் பெண் ஒருத்தி படிவத்தில் எதையோ மாற்றி எழுதிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து மேஜைக்காரி சிரித்தபடி, "மக் மினா கைபட்ட மாதிரி பண்ணிட்டியே" என்றாள்.

யார் அந்த மக் மினா என்று கேட்டேன்.

"தெரியாது பாக் சிக்" என்றாள் பக்கத்து மேஜைக்காரி, மாமா என்கிற மரியாதையில். "எங்கம்மா சொல்வாங்க. எதத் தொட்டாலும் கெடுத்து வைக்கிற பொம்பளயாம்."

"அவங்க ஒன்னும் கெடுக்கலம்மா" என்றேன். "கெடுத்தது நான்."

படிவம் எழுதிய பெண் வயதானவர்களைப் பார்த்துச் சிரிப்பதுபோல மரியாதையாகச் சிரித்தாள். புதுப் படிவம் ஒன்றை எழுதி, முத்திரை குத்தி, என்னிடம் நீட்டினாள். பிறகு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள். அந்த எண்ணுக்குரியவர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். நான் எழுந்து அவருக்கு இடம் விட்டேன்.