பின்னால் கூப்பிட்ட காலை

அன்று விடியலில் கரையில் நின்றவர்கள் மூன்று பேர்: அப்பா, சித்தப்பா, கையில் தண்ணீர்ப் போத்தலோடு நான். அம்மா கரைக்கு வரவில்லை. வேலியோடு நின்றுவிட்டார்.

அம்மாவுக்கு எதற்கும் நேரம் தெரியும். வீட்டில் மணிக்கூடு இருந்தது, ஆனால் அவர் அதைப் பார்த்து நான் கண்டதில்லை. காயப்போட்ட கருவாட்டை அள்ளி உள்ளே வைத்தாரென்றால் கொஞ்ச நேரத்தில் தூறும். வீதிக்கு ஏறினாரென்றால் பஸ் வரும். பங்குச் சுவாமியிடம் ஒரு கடிதம் வாங்குவதென்றாலும் பூசை முடிந்த கையோடு கேட்க மாட்டார். சுவாமி தேத்தண்ணி குடித்துக் கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டபிறகுதான் வாசலில் போய் நிற்பார். கேட்டது கிடைக்காமல் அம்மா திரும்பியதை நான் கண்டதில்லை.

அப்பாவிடம் மட்டும் அது பலிக்கவில்லை. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் நான் பாஸ் பண்ணி, மன்னாரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. ஒரு கிழமைக்குள் தகப்பன் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. பாப்பம் என்றார். அது நல்ல மீன் படும் காலம். அம்மா அவர் சாப்பிட்டபிறகு கேட்டார், கிழிந்த வலை பொத்தும்போது கேட்டார், ஞாயிற்றுக்கிழமை பூசையால் வரும்போதும் கேட்டார். எல்லாவற்றுக்கும் பாப்பம்தான். அப்படியே கடைசி நாளும் வந்துவிட்டது.

எங்கள் கரையில் கடலுக்கு இறங்குகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்குவார்கள். அப்பா அப்படியில்லை. அன்று முழுக்கக் கடலில் கால் வைக்க மாட்டார்.

அன்று அவர் போனபிறகு பார்த்தால் போத்தல் அடுப்படியில் கிடந்தது. அவருடைய பையை ஒவ்வொரு நாளும் அடுக்கிக் கொடுப்பது அம்மா என்பதை நான் யோசிக்கவில்லை. தாங்கோ, கொண்டுபோறன் என்று கை நீட்டினேன். அம்மா போத்தலோடு வேலியடிக்கு வந்தார். பொறு என்றார். கரையில் அப்பாவும் சித்தப்பாவும் தங்கள் கூட்டு வள்ளத்தைத் தள்ளினார்கள். பொறு என்றார். முழங்காலளவு தண்ணீரில் நின்று அப்பா வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார்.

"இப்ப ஓடு. கேக்காட்டிப் பலமாக் கூப்பிடு."

ஓடினேன். வழக்கம் எனக்குத் தெரியும். ஆனால் வள்ளம் போய்விடப் போகிறதே என்ற பதற்றத்தில் "அப்பா, தண்ணி" என்று கத்திவிட்டேன்.

அப்பா திரும்பவில்லை. அப்படியே நின்றார். சித்தப்பாதான் திரும்பினார்.

"ஆரடா இவனை வரச்சொன்னது? படிச்சுப் படிச்சு வாய்தான் நீண்டிருக்கு."

"இழு மேல," என்றார் அப்பா. வள்ளத்தைத் திரும்பக் கரையில் ஏற்றினார்கள்.

அடி விழும் என்று அழுதுகொண்டே பின்னால் போனேன். அப்பா கை ஓங்குமுன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். மூளையில்லையோ, இவ்வளவு வளர்ந்தும் கரை வழக்கம் தெரியாதோ என்று அவர் பேசிய பேச்சில், கடைசியில் அப்பாவே "விடு, சின்னப்பெடியன்தானே" என்று விலக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் அம்மா குரலை இறக்கினார்.

"இண்டைக்குத் தொழில் இல்லத்தானே. ஏழரை பஸ்ஸில போனா மத்தியானம் திரும்பியிடலாம்."

கட்டிலில் அப்பாவின் காற்சட்டையும் சேட்டும் அழுத்தி மடித்தபடி இருந்தன. பக்கத்தில் என் வெள்ளைச் சட்டை, கடிதம், பஸ்ஸுக்குச் சில்லறை. அதற்குள் எப்படி என்று நான் வாய் பிளந்து நின்றேன். அம்மாவால் ஆகாதது உலகத்தில் இல்லை என்று நினைத்தேன்.

அம்மாவும் எங்களோடு வந்தார். மன்னாரில் வீதியை மறித்து நின்ற கழுதைகள் விலகும்வரை பஸ் நின்றது. பள்ளிக்கூடக் கந்தோரில் பதிவு எழுதும் லிகிதர் கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவிழ்த்தார். அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்தார். காலையோடு பதிவு முடிகிறது, அரை மணி பிந்தியிருந்தால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போயிருக்கும் என்றார் லிகிதர். அம்மா வியர்வைகூடத் துடைக்கவில்லை.

திரும்பி வந்தபோது கரை நிறையச் சனம். அப்பா வலை விடும் இடத்தில் அன்று விட்டவருக்குப் பாரை மீன் கூட்டம் பட்டிருந்தது. தன் கலியாணத்துக்கு நாள் குறித்திருந்த சித்தப்பா மணலில் குந்தியிருந்து அந்த மீன்களையே பார்த்தார். அப்பா நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா மட்டும் அந்த வள்ளக்காரரிடம் போய் மீன் எவ்வளவுக்குப் போனது என்று விசாரித்து, தலையாட்டிவிட்டு வந்தார். ஊர்ப்புதினம் அறியும் ஆசையில் விடுப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

அந்த நாளைக் கெடுத்தவன் நான்தான் என்றே வளர்ந்தேன். போன வருடம் எனக்கு ஆசிரியர் நியமனம் வந்தது. கடிதத்தைக் கொடுக்கப் போனபோது அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அண்டைக்கு நேரம் பாத்துத்தானே என்னைக் கரைக்கு விட்டனீங்கள் என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை.

"அண்டைக்குப் பட்ட பாரை முப்பத்தாறாயிரம்," என்றார். "அதில பாதி சித்தப்பாவின்ர."