என் மகளின் வைவாவுக்கு நாங்கள் போய் நின்றது

என் மகள் கல்லூரியில் அரசியல் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவள். மராட்டி நாட்டுக் கட்கியில் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வரிசையில் முதன்முதலாக டாக்டர் பட்டம் வாங்கியவளும் அவள்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. கேட்கிறவர்களுக்கு அலுத்தால் அது அவர்கள் பாடு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், நாளாகும். அவளோ இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்க வராது. இதை எழுதி முடித்தால் நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் எம்.ஏ. சேர்ந்தாள். அரசியல் படிக்கிறாள் என்றதும், தேர்தலில் நிற்கப் போகிறாள் என்றே எங்கள் வரிசையில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் அவளிடம் வந்து சொன்னார்கள். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க அவளைத் தேடி வந்தார்கள். முதலில் விளக்கிப் பார்த்தாள். பிறகு சலித்துப்போய், வந்தவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் படிக்க உட்காருவாள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரியை நாங்கள் மாவ்ஷி என்று கூப்பிடுவோம், சித்தி முறை. நகரசபைக்குப் போனதும் முதல் குழாயை என் வாசலில் போடச் சொல் என்று அவள் தினமும் என் பெண்ணைச் சீண்டுவாள்.

எனக்கும் அது என்ன படிப்பு என்று சரியாகப் பிடிபடவில்லை. ஒரு நாள் மாவு அரைத்துக்கொண்டே நேராகக் கேட்டுவிட்டேன். அப்போது நான் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு யோசித்தாள்.

"பத்துப் பேரைத் தொடற முடிவை அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து எப்படி எடுக்கணும்னு படிக்கிறேம்மா. பலம் இருக்கறவன் சொல்லிட்டான்னு ஒத்துக்கக் கூடாது. கை தூக்கச் சொல்லி எண்ணிட்டாலும் போதாது. ஒவ்வொருத்தரும் ஏன்னு காரணம் சொல்லணும். மத்தவங்க அதைக் கேக்கணும்."

"இதுக்கா இத்தினி புஸ்தகம்?"

"இன்னும் முடிவுக்கு வரலையே" என்று சொல்லிவிட்டு கிரைண்டரைப் போட்டாள்.

படித்து முடித்தும் அவளுக்கு நிலையான வேலை கிடைக்கவில்லை. மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்தாள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, சாயங்காலம் கசார்வாடிப் பக்கம் ஒன்று. விடுமுறை வந்தால் சம்பளமும் விடுமுறையில் போய்விடும். கசார்வாடிப் பிள்ளைகள் பட்டறை வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள், மராட்டியில்தான் படித்து வந்தவர்கள். அவர்களுக்காக எங்கள் பெண் புத்தக மராட்டியைத் தனியாகக் கற்றுக்கொண்டாள். வாசலில் பேசுகிற மராட்டி வேறு, அது வேறு. மாவ்ஷியே வாய் பிளந்து கேட்பாள். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியை மட்டும் இங்கிலீஷில் எழுதினாள். எழுதியதை டிடிபி கடையில் அடித்து, கறுப்பு அட்டை போட்டு, மேலே தங்க எழுத்துப் பதித்து ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். சாமி படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் வைத்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், இங்கேயே ஒரு கல்லூரியில் நிரந்தர இடம் ஒன்றுக்கு விளம்பரம் வந்தது. அவள் பாடத்துக்கு அப்படி இடம் வருவதே அபூர்வம். பட்டம் கையில் இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வரிசையின் கடைசிதான் என்று அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு சொல்லிவிட்டார். ஆராய்ச்சியோ வெளியூர்ப் பேராசிரியர் ஒருவரிடம் பரீட்சைக்குப் போயிருந்தது. மாதக்கணக்கில் பதில் இல்லை. கடைசியில் வந்தது. வைவாவுக்கு, அதாவது நேரில் கேள்வி கேட்கிற பரீட்சைக்கு, வரச் சொல்லலாம் என்று எழுதியவர், கூடவே ஒரு கேள்வியையும் எழுதியிருந்தார். அதற்குச் சரியான பதில் வராவிட்டால் திரும்ப எழுதச் சொல்லவும் கூடும் என்று கைடு பயந்தார். திரும்ப எழுதினால் ஒரு வருஷம் போகும், அந்த இடமும் போகும்.

என்ன கேள்வி என்று கேட்டேன். அவள் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன் புஸ்தகத்துல எல்லாரும் காரணம் சொல்லிப் பேசறாங்க. பேசாதவங்க எங்க போனாங்கன்னு கேக்கறார்."

"வேலை இருந்திருக்கும். வூட்டுக்குப் போயிருப்பாங்கன்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரியது என்று எனக்கு உறைத்தது.

வைவா என்பது மூடின அறையில் நடப்பதில்லை, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், நோட்டீஸ் பலகையிலேயே போட்டிருக்கிறார்கள் என்று அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "ஆனா யாரும் வர மாட்டாங்கம்மா. டிபார்ட்மெண்ட் ஆளுங்க நாலு பேர் டீக்கு வருவாங்க" என்றாள். என் பெண்ணைப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது அவள் பின்னால் யாரும் இல்லையா? எனக்கு அது தாங்கவில்லை.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது ஒரு காரியம் என்றால் போய் நிற்போம். ஆஸ்பத்திரி என்றாலும் சரி, பெண் பார்ப்பது என்றாலும் சரி, போலீஸ் சவுக்கி என்றாலும் சரி. பேசத் தெரிந்தவர் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் நிற்பார்கள். என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இருந்தபோது கேட் பாஸைத் தொலைத்துவிட்டார், அதற்காக அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். ஆபீசர் வெளியே வந்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் சாகேப், சும்மா நிற்கிறோம் என்றோம். அவர் உள்ளே போனார். அன்றைக்கே எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

நான் மாவ்ஷியிடம் மட்டும்தான் சொன்னேன். மாவ்ஷியிடம் சொன்னால் வரிசைக்கே சொன்ன மாதிரி. அது யுனிவர்சிட்டி, ஃபேக்டரி கேட் இல்லை என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். முணுமுணுத்துக்கொண்டே அவரும் சட்டை மாட்டினார்.

மழைக்காலம். என் பெண் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். நாங்கள் பின்னால் பஸ் பிடித்து, சிவாஜி நகரில் மாறிப் போனோம். பெரிய தூக்கில் எலுமிச்சம்பழச் சாதம். கேள்வி கேட்கிறவர்களும் சாப்பிட வேண்டியவர்கள்தானே. ஆலமரங்களுக்கு நடுவே விசாரித்து விசாரித்து அந்த அறையைக் கண்டுபிடித்தோம். சேறு ஒட்டிய செருப்போடு உள்ளே போகக் கூடாதென்று எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டோம், குடைகளையும் அங்கேயே சாய்த்தோம். கடைசி இரண்டு வரிசை எங்களால் நிறைந்தது.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டுத் தாங்களும் கழற்றினார்கள். வெளியூர்ப் பேராசிரியர் வந்தார். உயரமான மனிதர், வெள்ளைத் தாடி. குவியலைப் பார்த்தார், கைடைப் பார்த்தார், கைடுக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு குனிந்து ஷூவை அவிழ்த்தார். ஒரு கால் சாக்ஸ் கறுப்பு, மற்றது கருநீலம். மாவ்ஷி என் தொடையைக் கிள்ளினாள்.

என் பெண் எங்களைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன்.

இங்கிலீஷில் பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். புரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், திக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு தாடிக்காரர் கேட்க ஆரம்பித்தார். இரண்டு மூன்றுக்குப் பதில் சொன்னாள். அடுத்ததற்குச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். துப்பட்டா முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பவும் சுற்றினாள். சின்ன வயதில் கணக்கு வராதபோது பாவாடை நாடாவை அப்படித்தான் சுற்றுவாள். கைடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

யாரையும் நான் எழச் சொல்லவில்லை. நான் நின்றதும் மாவ்ஷி நின்றாள், அப்புறம் என் வீட்டுக்காரர், அப்புறம் இரண்டு வரிசையும். நாற்காலிகள் சத்தம் போட்டன. தலைமை வகித்த அம்மாள் பதறிப்போய், ஏதாவது கேட்க வேண்டுமா என்று மராட்டியில் கேட்டார். கேள்வி கேட்கச் சபைக்கும் உரிமை உண்டாம். அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

"ஒண்ணும் வேணாம் மேடம், சும்மா நிக்கிறோம்" என்று எனக்குத் தெரிந்த மராட்டியில் சொன்னேன்.

என் பெண் திரும்பி எங்களைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் முன்னால் திரும்பி, பதிலை மராட்டியில் சொல்லலாமா, பின்னால் இருப்பவர்களுக்கும் புரியட்டும் என்று கேட்டாள். தாடிக்காரருக்கு மராட்டி கொஞ்சம் வருமாம், சொல் என்று கையசைத்தார்.

அவள் சொன்னதை என் ஞாபகத்தில் இருக்கிறபடி தமிழில் எழுதுகிறேன். "சார், இவங்க எனக்காக நிக்கிறாங்க. நான் எழுதினது சரின்னு நிக்கலை. தப்பா எழுதியிருந்தாலும் இப்படித்தான் நின்னிருப்பாங்க. அதனால இதை ஒரு காரணமா நான் எடுத்துக்க முடியாது. ஆனா காலையிலேருந்து இந்த அறையில நடந்த எதுவும் இவங்களுக்குப் புரியலை. அது நம்ம யாருக்கும் தோணலை. எழுந்து நின்ன பிறகுதான் இவங்க இருக்கறதே தெரிஞ்சுது. பேசத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் என் ஆராய்ச்சியில இடம் விட்டிருக்கேன். அது குறைதான். அதை நான் எழுதணும்."

சொல்லி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, தமிழில், "உக்காருங்க. போதும்" என்றாள்.

உட்கார்ந்தோம். ஆனால் எனக்கு முகம் சூடாகிவிட்டது. தப்பாக இருந்தாலும் நின்றிருப்பார்கள் என்றாளே, அத்தனை பேர் முன்னால். நிற்போம்தான். அதைக் குறை மாதிரி சொல்ல வேண்டுமா? மாவ்ஷிக்கு அதெல்லாம் இல்லை. நம்மைப் பற்றிப் பேசினாள், நம்மைப் பற்றிப் பேசினாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் மழைச்சாரல் அடித்தது. என் பெண் வந்து என் பக்கத்தில் நின்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"கோவமா?" என்றாள்.

"எங்களை எல்லார் எதிர்லயும் உக்கார வெச்சிட்ட."

"நீ எதுக்கு நின்ன?"

"நீ நாடாவைச் சுத்தினியே."

அவள் தன் விரலைப் பார்த்தாள். துப்பட்டா முனை இன்னும் அதில்தான் சுற்றியிருந்தது. அப்போதுதான் சிரித்தாள். கண்ணும் கலங்கியது. நானும் கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கதவு திறந்தது. பட்டம் தரலாம் என்று முடிவு செய்திருப்பதாகத் தலைமை அம்மாள் படித்தார். புத்தகமாகப் போடும்போது ஒரு அத்தியாயம் கூட வேண்டும் என்று தாடிக்காரர் சொன்னார். பிறகு எலுமிச்சம்பழச் சாதத்தைக் காகிதத் தட்டில் வாங்கிக்கொண்டு, சாக்ஸ் காலோடு சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டார். நான் இரண்டாம் தடவை போட்டபோது வேண்டாமென்று சொல்லவில்லை. நானும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் என்னிடம் தத்துவம் பேசவில்லை. ஊறுகாய் யார் போட்டது என்று மட்டும் ஹிந்தியில் கேட்டார்.

பஸ்ஸில் வரும்போது, இனி உன் மகள் எந்த வார்டில் நிற்பாள் என்று மாவ்ஷி கேட்டாள். நான் தூக்கை அவள் மடியில் வைத்தேன்.

அடுத்த மாதம் அந்த நிரந்தர இடத்துக்கு இன்டர்வியூ. இது மூடின அறை, யாரும் வர முடியாது என்று என் பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். வாசல் வரைக்கும் வரலாமா என்றேன். யோசித்து, "நீ மட்டும்" என்றாள்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேனின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திட்டு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். உள்ளே போகும்போது என் பெண் திரும்பிப் பார்த்தாள். நான் எழவில்லை. எழத்தான் தோன்றியது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று வாட்ச்மேன் கேட்டான். யாரையும் இல்லை, என் மகள் உள்ளே போயிருக்கிறாள் என்றேன். அட்மிஷனா என்றான். "பாடம் எடுக்க" என்றேன். அவன் தன் தெர்மாஸிலிருந்து எனக்குக் கொஞ்சம் டீ ஊற்றினான்.

வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. புத்தகமும் பிறகு வந்தது. நின்றவர்களைப் பற்றிய அத்தியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் உட்கார்ந்து மராட்டியில் சொல்லிக் காட்டினாள். மாவ்ஷி பாதியில் தூங்கிவிட்டாள். நான் முழுவதும் கேட்டேன். ஒரு இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. சொன்னேன். ஏன் என்று கேட்டாள். காரணம் என்னிடம் இருக்கிறது, இன்னும் வார்த்தை சேரவில்லை. சேர்ந்ததும் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அவளும் அவ்வப்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.