பின்பக்கத்துச் சென்சார்

பக்கவாதம் வந்துபோன பிறகு மெக்கானிக்குக்குக் காலில் பலம் திரும்பியது, பேச்சு திரும்பியது. வலது கை விரல்கள் மட்டும் வேறு யாருடையதோ போல மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. அசைத்தால் அசையும், தொட்டது இரும்பா துணியா என்று தெரியாது. மனசும் சேர்ந்து மரத்துவிட்டதோ என்று அவர் மனைவி பயந்தாள். அழ வேண்டிய இடத்திலும் ‘ம்’, சிரிக்க வேண்டிய இடத்திலும் அதே ‘ம்’.

பட்டறை இருந்த இடம் மச்சினனுடையது. அவன் பழைய கறுப்புக் காரின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னான்:

"மாமா, சண்டை வேணாம். இந்த வண்டிக்கு ரெண்டு ஆயில் பிரஷர் சென்சாரையும் உங்க கையால மாட்டிட்டீங்கன்னா பட்டறையப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். முடியலன்னா பட்டறையப் பூட்டிட்டு என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டர்ல வந்து உட்காருங்க. ஃபேன் இருக்கு, சேர் இருக்கு. மகாராஜா மாதிரி இருக்கலாம்."

"ம்."

"கேட்டியாக்கா? மகாராஜா ஒத்துக்கிட்டாரு!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் தையல் மெஷினில் இருந்த மனைவி நிமிரவில்லை. "நீ முதல்ல அந்தக் கார் மேல இருந்து எழுந்திரு. நசுங்கிடப் போகுது."

எச்சரிக்கை விளக்குக்கான சென்சார் முன்பக்கம் இருந்தது. இடது கையாலேயே பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்கினார். முள் காட்டும் மீட்டருக்கானது எஞ்சினின் பின்னால், வண்டியின் உள்பக்கத்தைப் பிரிக்கும் தகரத் தடுப்பை ஒட்டி இருந்தது. எட்டிப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வலது கை மட்டுமே நுழையும் சந்து. நீளமான ஸ்பானரால் பழையதைக் கழற்றிவிட்டார். புதியதன் முதல் திருகு மரையை மட்டும் விரலால்தான் பிடிக்க வைக்க வேண்டும். கோணலாக ஏற்றி ஸ்பானர் போட்டால் எஞ்சினில் இருக்கும் மரையே அறுந்துவிடும்.

கையை விட்டார். சென்சார் விரலில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. கீழே ‘டிங்’ என்று விழுந்த பிறகுதான் தெரிந்தது. மறுபடி விட்டார். மறுபடி ‘டிங்’.

மச்சினன் போன் பேசத் தெருவுக்குப் போனான். தையல் மெஷின் நின்றது. அவள் வந்து சென்சாரைப் பொறுக்கித் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பண்ணணும், சொல்லுங்க."

அவர் மறுக்கவில்லை. மறுக்கவும் ஒரு வேகம் வேண்டுமே! "ஓட்டையில வை. முதல்ல எதிர்ப்பக்கம் சுத்து. ஒரு இடத்துல லேசா இறங்கும்."

அவள் மெலிந்த கை முழங்கை வரை உள்ளே போனது. கண்ணை மூடிக்கொண்டாள். "இறங்குச்சுங்க!"

"இப்ப நேர்ப்பக்கம். இடிச்சா நிறுத்திடு."

"இடிக்கல. வெண்ணெய் மாதிரி போகுது."

ஸ்பானரால் முடுக்கி, ஒயரை மாட்டி, சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. சிவப்பு விளக்கு அணைந்தது. செத்துக் கிடந்த முள் எழுந்து நின்றது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சத்தம் கேட்டு மச்சினன் ஓடி வந்தான். முள்ளைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். "அட! அசத்திட்டீங்களே மாமா! நான் தோத்துட்டேன், போங்க!"

மனைவி அவரையே பார்த்தாள். பேசாமல் இருங்கள் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"பின்பக்கத்துல நான் மாட்டல," என்றார் மெக்கானிக். "உங்க அக்காதான் மாட்டினா." எஞ்சினை அணைத்தார்.

மச்சினனின் சிரிப்பு அப்படியே நின்றது. எண்ணெய் படிந்த அக்காவின் கையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப… திங்கக்கிழமை கடைக்கு வந்துடுங்க மாமா," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான்.

"ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?" அவள் குரல் உடைந்தது. "ஒரே ஒரு பொய்!"

"சொல்லி? அடுத்த வண்டிக்கும் நீ வந்துல்ல கை விடணும்."

"வந்திருப்பேனே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வருவாள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.