காலரில் இல்லாத பஞ்சு

விளாங்குடியில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். உசிலம்பட்டியில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். எழுபதுகளின் கடைசி. நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர்களில் கடைசி ஆள். அவன் திண்டுக்கல் சாலைப் பக்கம் ஒரு மில்லில் தறி ஓட்டினான், பதிலியாக. நிரந்தர வேலைக்காரர் யாராவது வராத நாளில்தான் பதிலிக்கு வேலை. தினமும் விடிந்ததும் அட்டையோடு மில் வாசலில் நிற்க வேண்டும். நெசவுப் பகுதி மாஸ்டர் வந்து விரலை நீட்டுவார். அந்த விரல் யார் மேல் விழுகிறதோ அவர் உள்ளே போவார். மற்றவர்கள் சைக்கிளைத் திருப்பிக்கொள்வார்கள். ஆறு வருடமாக அவன் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவியும் இரண்டு வயது மகளும் உசிலம்பட்டிக்கு அப்பால், மாமனார் வீட்டில். "பெர்மனென்ட் ஆகட்டும், அனுப்பி வைக்கிறேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை முடிந்ததும் நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் ஒட்டப்போவதாக அந்த வருடம் மில்லில் பேச்சு இருந்தது.

நாடகம் என்னால் வந்தது. தல்லாகுளத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் அட்டையும் முதல் பக்கங்களும் இல்லாத ஓர் ஆங்கில நாடகம் கிடைத்தது. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. இங்கிலாந்தின் வடக்கே மழையும் கரிப்புகையுமாக ஒரு நெசவு ஊர். ஒரு தொழிலாளி வீட்டுக்கு ஃபோர்மேன் தேநீர் குடிக்க வருகிறார். அவரை உட்கார வைக்க நாற்காலி இல்லை. தெருவில் ஆளுக்கொரு சாமான் இரவல் தருகிறார்கள். அவர் இருக்கும்போதே ஒவ்வொருவராக வந்து அதைத் திருப்பிக் கேட்கிறார்கள். அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உட்பட.

ஒரு ராத்திரி அதை அவனுக்குத் தமிழில் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், தறிச் சத்தத்தில் அந்த ஊர்க்காரர்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்ளும் இடம் வந்ததும் நிமிர்ந்தான்.

"அங்கயுமா?"

"அங்கயும்தான்."

"அப்ப இது வெள்ளைக்காரன் ஊர் இல்ல மாப்ள. நம்ம லைன் வீடு."

தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. மில்லில் உதடும் கையும்தான் பேச்சு. அறைக்கு வந்த பிறகும் முதல் அரைமணி நேரம் அவன் சத்தமில்லாமல்தான் பேசுவான். "வாயத் திறந்து சொல்லுடா" என்று நான் சொல்ல வேண்டும். அந்தக் கதையை அவன் மில்லுக்கு மாற்றித் தமிழில் எழுதினேன்; ஃபோர்மேன் மாஸ்டரானார். அதில் அந்தப் பேச்சையே ஒரு காட்சியாக வைத்தோம். இரண்டு நெசவாளிகள் நடுவில் இரண்டு தறியை விட்டு நின்று, வீட்டுக்கு வரப்போகும் மாஸ்டருக்கு என்ன சமைப்பது என்று ஒரு சத்தமும் இல்லாமல் சண்டை போடுகிறார்கள். ஒருவனாக நடித்தது அவன். இன்னொருவர் ஐம்பதைத் தாண்டிய நிரந்தரத் தொழிலாளி, அவனுக்கு வேலை கற்றுத் தந்தவர். அவருக்கு நெஞ்சில் இளைப்பு உண்டு. உச்சி வேளையில் நூல் பெட்டிகளுக்குப் பின்னால் பத்து நிமிடம் படுத்து எழுந்தால்தான் மீதி ஷிப்டை ஓட்ட முடியும். அந்தப் பத்து நிமிடம் அவர் தறியை அக்கம்பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

மாஸ்டர் வருகிறார் என்பதற்கு ஒரு சைகை இருந்தது. தறிக்கூடத்தில் எல்லோர் தலையிலும் பஞ்சு படிந்திருக்கும். மாஸ்டர் ஒருவர்தான் நாலடிக்கு ஒரு தரம் காலரைத் தட்டிக்கொள்வார். ஆகவே வலது கையின் இரண்டு விரலால் இடது காலரைத் தட்டினால், அவர் வருகிறார் என்று பொருள். ஒருவர் தட்டினால் அடுத்தவர் தட்டுவார். கடைசி வரிசைவரை அது போய்ச் சேரும், அவருக்கு முன்னால்.

நாடகப் பிரதியைக் காவல் நிலையத்தில் காட்டி முத்திரை வாங்க வேண்டியிருந்தது. எழுத்தர் அந்தப் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஓசையின்றிப் பேசுகிறார்கள்னு போட்டிருக்கு. என்னதான் பேசுறாங்க?"

"ஒண்ணும் பேசல அண்ணே. சத்தமே இருக்காது."

"சத்தம் இல்லாட்டி சரி" என்று முத்திரை குத்தினார்.

முதல் தடவை, மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பள்ளி மைதானத்தில் போட்டோம். மில்லிலிருந்து மேஸ்திரிக்கு மேல் யாரும் வரவில்லை. நான் படுதா ஓரமாகப் பிரதியோடு நின்றேன். மௌனக் காட்சியில் அவன் இரண்டு விரலால் காலரைத் தட்டியதும் மைதானம் சிரித்த சிரிப்பில் அடுத்த வசனம் வர நேரமாகிவிட்டது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அதைச் செய்தியாக எழுதிக் கொடுத்தேன். செய்தி ஆசிரியர் தாளைத் திருப்பித் தந்தார்.

"சிரிச்சாங்க, சிரிச்சாங்கன்னு எழுதிருக்கீங்க. எதுக்குச் சிரிச்சாங்க? படிக்கிறவன் என்ன மில்லுக்குள்ளயா நிக்கிறான்?"

அவர் கேட்டது நியாயம். உட்கார்ந்து திருத்தி எழுதினேன். காலரில் இல்லாத பஞ்சைத் தட்டினால் மேலாள் வருகிறார். காது மடலைப் பிடித்தால் என் தறியைப் பார்த்துக்கொள். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் யாரோ படுத்திருக்கிறார், எழுப்பு. பெயரோ மில்லோ குறிப்பிடவில்லை. பிழை ஒன்றுமில்லாத செய்தி. நான் எழுதியதில் ஒரு சொல்லும் வெட்டாமல் வந்த முதல் செய்தியும் அதுதான்.

அவன் டீக்கடையில் அதைப் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான். பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தான்.

"எல்லாத்தையும் எழுதிட்ட" என்றான்.

நாலைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்டர் வழக்கம்போல வாசலில் விரலை நீட்டினார். அவனுக்குத் தினமும் வேலை கிடைத்தது. ஒரு வாரம் விடாமல் கிடைத்தது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அடுத்த வாரம் ஒரு நண்பகலில் தறிக்கூடத்தில் எல்லோரும் காலரைத் தட்டினார்கள். கடைசி வரிசைக்காரர் உள்ளங்கையை அமுக்கிக்கொண்டே நூல் பெட்டிகளை நோக்கிப் போனார். மாஸ்டர் தூரத்திலிருந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அவை காட்டிய திசையில் நடந்து, பெட்டிகளுக்குப் பின்னால் போனார். அங்கே படுத்திருந்த மூத்தவருக்கு, வேலை நேரத்தில் தூங்கியதாக மறுநாள் சார்ஜ் ஷீட் வந்தது.

அன்று சாயங்காலமே மாஸ்டர் என் நண்பனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னாராம்.

"நாடகம் நல்லா இருக்குன்னு பேப்பர்ல பார்த்தேன். ஆயுத பூஜைக்கு நம்ம மில்லுல போடுங்க. எதையும் குறைச்சிராதீங்க."

முடியாது என்று சொல்லும் இடத்தில் அவன் இல்லை. பட்டியல் அவர் மேஜையில் இருந்தது. அவனோடு நடித்த மூத்தவராலும் வர மறுக்க முடியாது. அவருடைய விசாரணை மாஸ்டரிடம்தான். மூத்தவர் ஒத்திகைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தார்.

"அண்ணே, அந்த இடத்த மட்டும் மாத்திருவமா?" என்று அவன் கேட்டான்.

"எதுக்கு மாத்தணும்? எம்புட்டு அழகா எழுதி வந்துச்சு பேப்பர்ல" என்றார் அவர். என்னைப் பார்க்கவில்லை.

ஆயுத பூஜையன்று தறிகள் நின்றிருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மாவிலை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அங்கே காக்கை கத்துவது கேட்கும். கூடத்துக்கு வெளியே மேடை. முன் வரிசையில் மாஸ்டர், மனைவி, இரண்டு மகள்கள். அவர்களுக்குப் பின்னால் தொழிலாளிகள். இரவல் சாமான் காட்சிக்கு மாஸ்டர் நன்றாகச் சிரித்தார். அவர் சிரித்து முடித்த பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள்.

மௌனக் காட்சி தொடங்கியதும் பின் வரிசைகளில் அசைவு நின்றது. யாரும் மேடையைப் பார்க்கவில்லை. மாஸ்டரின் பிடரியைப் பார்த்தார்கள். காலரைத் தட்ட வேண்டிய இடம் வந்தது. அவன் வலது கையை எடுத்தான். அது பாதியில் நின்றது. நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுக் கையைக் கீழே போட்டான். எதிரே மூத்தவர் அசையாமல் நின்றார். பிரதி என் கையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க அந்த இடத்தில் வசனம் இல்லை.

அப்போது முன் வரிசையில் மாஸ்டர் வலது கையைத் தூக்கினார். புன்னகையோடு இரண்டு விரலால் தன் இடது காலரைத் தட்டிக் காட்டினார், மறந்துபோனவனுக்கு நினைவூட்டுவதுபோல. ஒரு தரம் தட்டிவிட்டுக் காத்திருந்தார். அவன் தட்டவில்லை. மறுபடியும் தட்டினார்.

அவன் தட்டினான்.

மாஸ்டரின் சின்ன மகள் கை தட்டினாள். வேறு சத்தம் இல்லை.

நாலாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். பதினோரு பெயர்களில் அவன் பெயர் முதலில் இருந்தது. அவனுக்கும் முன்பிருந்தே வாசலில் நின்ற பதிலிகள் அதைப் படித்துவிட்டு அவன் பக்கம் திரும்பாமல் போனார்கள். மூத்தவருக்கு விசாரணை முடிந்து கட்டாய ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஐப்பசியில் மனைவியையும் மகளையும் கூட்டி வந்தான். லைன் வீட்டில் பால் காய்ச்சிய அன்று நான் போயிருந்தேன். சாமான் வண்டி இன்னும் வந்து சேரவில்லை. அவன் மனைவி ஒரு வாளி கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். அடுத்த வீட்டுக்கும் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"இம்புட்டு வீட்லயும் ஒரு வாளி இல்லையாம்ணே" என்று என்னிடம் சொன்னாள். ஊருக்குப் புதிது. அதில் அவளுக்கு ஆச்சரியம் மட்டும்தான் இருந்தது.

அவன் என்னை வாசலுக்குக் கூட்டி வந்தான்.

"சைகையெல்லாம் மாத்திட்டாங்க மாப்ள. ஒண்ணும் புரியல. எட்டு மணி நேரம் யாரும் எங்கிட்ட உதட்ட அசைக்கிறதில்ல. நான் எழுதச் சொல்லலன்னு எம்புட்டோ சொல்லிப் பார்த்துட்டேன்."

"நான் வந்து சொல்லட்டா?"

"நீ மில்லுப் பக்கம் வராத."

மனைவி உள்ளே இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"புதுச் சைகையில ஒண்ணு மட்டும் தெரிஞ்சுபோச்சு. நான் வரிசைக்குள்ள நுழைஞ்சா ஆரம்பிக்கிறாங்க. நான் போகப் போக முன்னாடியே போகுது."

இடது உள்ளங்கையை விரித்து, வலது ஆட்காட்டி விரலால் அதில் எழுதிக் காட்டினான். ஒரு வரி, அதற்குக் கீழே இன்னொரு வரி.

இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அவன் கடக்கும்வரை பேச்சை நிறுத்தினார்கள். அவர்களிடம் நாலு வாளிகள் இருந்தன.