முதலில் உள்ளங்கையில்

பினாங்கிலிருந்து நான் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று அம்மா விமான நிலையத்தில் அழவில்லை, திட்டினாள். "ஊருக்குச் சேவை செய்யப் போறாளாம், சேவை! அங்க ஒரு காய்ச்சல்னு படுத்தா உனக்கு யாருலா இருக்கா?" அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். எனக்கோ இளவயது, வாய்க்கொழுப்பு. "அங்கேயும் மனுஷங்கதான்மா இருக்காங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. இரண்டு வருஷத் தொண்டூழியத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய ஓட்டு பங்களாவில் அந்த இல்லம் இருந்தது. முதுகெலும்பில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். சமைக்க ஆள் உண்டு, மருந்து கொடுக்க நர்ஸ் உண்டு, குளிப்பாட்டத்தான் ஆள் இல்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. நானோ பாடம் சொல்லித்தரப் போகிற நினைப்பில் கதைப் புத்தகங்களாகப் பெட்டியில் அடைத்துக்கொண்டு வந்திருந்தேன்!

முதல் நாள் குளிப்பாட்ட, அதே ஊர் ஒக்கலிபுரத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்காவை என்னிடம் கொடுத்தார்கள். சித்தாள் வேலை பார்த்தவள், மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தவள். எங்கள் ஊரில் வருஷம் முழுக்கப் பச்சைத் தண்ணீர்தான், மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வோம். அதே பழக்கத்தில் அந்த டிசம்பர் காலையில் குழாய்த் தண்ணீரை அவள் தலையில் ஊற்றிவிட்டேன். போட்டாள் பாருங்கள் ஒரு கூச்சல்!

"அய்யய்யோ! பொணத்தையாடி குளிப்பாட்டுற? அங்க ஹண்டேல தண்ணி காயுதே, கண்ணு தெரியல?"

பின்கட்டு விறகடுப்பின் மேல் இருந்த பெரிய செப்புப் பாத்திரத்தைத்தான் ஹண்டே என்றாள். மறுநாள் ரோஷத்தோடு அதிலிருந்தே ஒரு வாளி மொண்டு வந்தேன். ஊற்றப் போன கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, ஜல்தி என்னா? என் காலுக்கு சூடு தெரியாது. வெந்துபோனாலும் தெரியாது. மொதல்ல உள்ளங்கைல ஊத்து. நான் சரின்னா தோள்ல. தல கடைசில."

அப்படித்தான் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டேன். மற்றபடி எதுவும் எனக்கு ஒட்டவில்லை. குளிர் ஒட்டவில்லை, கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்கவில்லை. காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று, சாப்பிட்டாச்சா என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் நான் கேட்டால் வார்டே சிரித்தது. "பாரின் பொண்ணு பசியாறச் சொல்லுதுடி, வாங்கடி!" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சாமான் அறையில் என் கட்டில், சுற்றிலும் மலச்சட்டிகள். படுத்துக்கொண்டு அழுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போவேன். அம்மா எடுத்ததும் அதே கேள்விதான்.

"பசியாறிட்டியா? யாருலா இருக்கா உனக்கு அங்க?"

"எல்லாரும் இருக்காங்கம்மா."

பச்சைப் பொய். ஒருத்தரும் இல்லை.

எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அக்காவோடு தினம் ஒரு சண்டை போடாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது என்றாகிவிட்டது. வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த அவள் புருஷன் வருவதை நிறுத்தியிருந்தான். நான் அவனைத் திட்டினால் என்மேல் பாய்வாள். "என் புருஷன், நான் திட்டிக்கிறேன். நீ முதுகத் தேய்." தேய்ப்பேன். முதுகு குலுங்கும். தேய்த்துக்கொண்டே இருப்பேன்.

இரண்டாவது குளிர்காலம். ஒருநாள் காலை அக்காவுக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு போகும்போது ஆபீஸ் ரூமில் எனக்கு போன் என்றார்கள். அண்ணன்.

"அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க. நாளைக்குக் காலையில எடுக்கிறோம். அடிச்சுப் புடிச்சு வராத. நான் பாத்துக்கிறேன்."

அங்கிருந்தே டிக்கெட் விற்பவருக்கு போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். மெட்ராஸ் போய், விமானம் மாறி, எப்படிப் போனாலும் அம்மாவை எடுத்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அம்மா முகத்தை இனி பார்க்க முடியாது. அண்ணன்மேல் ஆத்திரம், அம்மாமேல் அதைவிட ஆத்திரம். திரும்பி வந்து வாளியைத் தூக்கினேன். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்ததே.

"என்னாடி மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் அக்கா.

"எங்கம்மா செத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சோப்பைத் தேடினேன்.

அவள் என் கையிலிருந்து சொம்பைப் பிடுங்கினாள். சாவுச் சேதி கேட்டால் உடுத்திய துணியோடு பச்சைத் தண்ணீரில் தலைமுழுக வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். நான் குழாயடிக்கு நடந்தேன்.

"ஏய், எங்க போற? இங்க வா. உக்காரு."

"பச்சத் தண்ணிதானேக்கா ஊத்தணும்?"

"சாங்கியம்லாம் எனக்கும் தெரியும். இந்தக் குளிர்ல உனக்கு ஜொரம் வந்தா உங்கம்மா என்னத்தான் கேப்பா."

அம்மா விமான நிலையத்தில் காய்ச்சலைப் பற்றிச் சொன்னதை நான் அவளிடம் சொன்னதே கிடையாது. அவளுடைய சக்கர நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"கைய நீட்டு."

உள்ளங்கையில் ஊற்றினாள்.

"சூடு சரியா?"

தலையை ஆட்டினேன். தோளில் ஊற்றினாள். பிறகு தலையில். அதற்குள் விஷயம் தெரிந்து மற்றவர்களும் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு சொம்பு ஊற்றினார்கள். கழுத்திலும் அடிபட்டுக் கை தூக்க முடியாத ஒருத்திக்கு நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் வாய்விட்டு, ஊரே கேட்கிற மாதிரி அழுதேன். யாரும் அழாதே என்று சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் கால் தானாகப் பூத்துக்குப் போய்விட்டது. ரிசீவரை எடுத்துப் பாதி எண்களை அழுத்தின பிறகுதான் உறைத்தது. போட்டால் அண்ணன் எடுப்பான். எல்லாரும் இருக்காங்கம்மா என்று இப்போது பொய் இல்லாமல் சொல்லலாம். கேட்கத்தான் அம்மா இல்லை.

ரிசீவரை வைத்தேன்.

"என்னாம்மா, லைன் போகலியா?" என்றார் பூத்துக்காரர்.

"போகலைங்க" என்று சொல்லிவிட்டு இல்லத்துக்குத் திரும்பி நடந்தேன்.