பேசாத பறவை வேண்டும்

எங்கள் வீட்டில் இப்போது ஐந்து பேர்.

ஐப்பசி வரைக்கும் மூன்று பேர்தான். நான், மனைவி சுமதி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் கயல். புதிதாக வந்த இருவரையும் சேர்த்து நிறுத்தாலும் ஒரு எலுமிச்சம்பழத்தின் எடை தேறாது. ஆனால் ஃபேனை எப்போது போடலாம், எந்த ஜன்னலைச் சாத்தலாம் என்பதையெல்லாம் இப்போது அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

பறவை வாங்கும் யோசனை என்னுடையது.

கயலுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். முதல் எழுத்தில் போய் நின்றுகொள்ளும். எல்லாச் சொற்களையும்விட அவளுடைய பெயர்தான் அவளுக்குக் கஷ்டம். ‘உன் பேரென்ன பாப்பா?’ என்று யாராவது குனிந்தால் போதும். அவள் ‘க’வில் நிற்கும்போதே நான் ‘கயல்’ என்று முடித்துவிடுவேன். கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில்... அப்பாவின் வேலை அது என்றே நினைத்திருந்தேன். ‘வீட்ல யாரும் அவசரப்படுத்தாதீங்க’ என்று கும்பகோணத்தில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டாக்டர் சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்!

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு வீடியோ வந்தது. ஒரு குழந்தையும் ஒரு பறவையும் மாறி மாறிப் பேசுகின்றன. அன்றிலிருந்து எனக்கு ஒரே கனவு. ஜன்னலோரம் ஒரு கூண்டு, மாலை வெயில். கயல் ஒரு சொல் சொல்ல, பறவை அதையே திருப்பிச் சொல்ல...

“பேசுற பறவை வாங்கித் தரேன், வரியா?” என்று கேட்டேன். வருகிறேன் என்று தலையாட்டினாள். பேசுற பறவைதான் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

நன்னிலத்தில் ஓர் அம்மா மொட்டை மாடியில் பறவை வளர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிடைமருதூரிலிருந்து பஸ் ஏறினோம். முதல் நாள் இரவு பெய்த மழை வயலெங்கும் நின்றது. சம்பா நாற்று நட்டுப் பச்சை பிடித்திருந்த நேரம். பயிருக்கு நடுவே தெரிந்த தண்ணீரில் மேகமும் எங்களோடு குடவாசல் வரைக்கும் வந்தது. கயல் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். அவளும் ஏதோ கனவு காண்கிறாள் என்று தெரிந்தது. அது என் கனவு இல்லை என்று தெரியவில்லை.

அந்த அம்மாவின் பெயர் மெஹருன்னிசா. நாற்பது வயதிருக்கும். கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. நூறு பொம்மை ஊதல்களை யாரோ மெதுவாக, விட்டு விட்டு ஊதுவது மாதிரி. மேலே பச்சை வலை போட்ட கூரை. அதன் கீழே இருந்த கூண்டு, சட்டி, பறவை உட்காரும் கட்டை எல்லாமே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் பச்சையாகத் தெரிந்தன.

“பச்சைக்கிளி கிடைக்குமாங்க?” என்றேன்.

“அது வளக்கக் கூடாதுண்ணே, சட்டப்படி தப்பு. காட்டுல இருக்க வேண்டியது. நா விக்கிறதில்ல. முதல் தடவை வளக்குறீங்களா? பூனை இருக்கா வீட்ல? அடுப்படியில கூண்டு வைக்கிற ஐடியா ஏதும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க, புகை ஆகாது அதுக்கு. வெளியூர் போனா யாரு தண்ணி மாத்துவா?”

நான் பறவையைப் பார்க்க வந்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில்களில் ஓரளவு திருப்தி வந்ததும், கூண்டு கூண்டாகக் காட்டினார். நாமெல்லாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் பட்ஜி. தலையில் கொண்டை வைத்த காக்கட்டீல். “பட்ஜில ஆணைத் தனியா வச்சு, தினம் உக்காந்து பேசினா ஒண்ணு ரெண்டு வார்த்தை பிடிச்சுக்கும். ஜோடியா வச்சா நம்மள சீண்டாது” என்றவர், கயலிடம் திரும்பினார். “உனக்கு எது வேணும் கண்ணு?”

கயல் வாயைத் திறந்தாள். “பே... பே...”

“பேசுற பறவைதான் வேணுமாம்” என்றேன் நான்.

கயல் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“பாப்பா சொல்லட்டுமேண்ணே” என்றார் மெஹருன்னிசா. அதட்டலில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் தினை டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

“பே... பேசாத பறவை வேணும்.”

“ஏன் கண்ணு?”

“பே... பேசினா, அதுவும் என்ன மாதிரியே பே... பேசும்.”

நான் வலைக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து மாடியில் காயும் சட்டை, ஒரு தென்னை மட்டை, எதையோ பார்த்தேன். இத்தனை நாளும் என் மகள் நான் போட்டுக் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு இந்தப் பயத்தோடுதான் தூங்கப் போனாளா? தன் குரலே ஒரு கூண்டுக்குள்ளிருந்து, ஊரார் முன்னால், திரும்பி வரும் என்று?

மெஹருன்னிசா ‘அச்சச்சோ’ என்று சொல்லவில்லை. முகத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. நல்ல வாடிக்கையாளர் ஒருவர் சரியான கேள்வி கேட்டதுபோல யோசித்தார்.

“அப்ப ஃபின்ச்தான் உனக்கு. பேசாது. ஆனா ஒண்ணு, கையிலயும் வந்து உக்காராது, கொஞ்சவும் விடாது. அதுபாட்டுக்கு அது இருக்கும். பரவாயில்லயா?”

“அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்றாள் கயல். ஒரு திக்கலும் இல்லை.

சிட்டுக்குருவியைவிடச் சின்னதாக, ஆரஞ்சு மூக்கோடு ஒரு ஜோடி. அந்த ஊதல் சத்தம் இவற்றுடையதுதான். ஒரு பை தினையும், கொத்துவதற்கு ஒரு கணவாய் மீன் ஓடும் கொடுத்தார். துப்பட்டா சுற்றிய கூண்டை மடியில் வைத்துக்கொண்டு கயல் திரும்பினாள். பஸ் குலுங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ‘மீப்’ என்றொரு சத்தம். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கயல் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, எதுவும் தெரியாதவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கூண்டின் முன்னால் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். திக்கல் போய்விட்டதா? இல்லை. ஆற்றின் பெயர் ஒன்றில் நிற்பாள், ராஜாவின் பெயர் ஒன்றில் நிற்பாள். ஃபின்ச் இரண்டும் தேங்காய் நாரை இழுத்து இழுத்துக் கூடு கட்டிக்கொண்டிருக்கும். அவள் திக்கினாலும் அவை திரும்பிப் பார்ப்பதில்லை, திக்காவிட்டாலும் பார்ப்பதில்லை. பக்கத்து அறையில் அதைக் கேட்டபடி கண்ணை மூடியிருப்பது எனக்கு இந்த மூன்று மாதத்தில் வந்த புதுப் பழக்கம்.

போன செவ்வாய்க்கிழமை கூட்டுக்குள் நான்கு முட்டைகள். ஒவ்வொன்றும் மொச்சைக் கொட்டை அளவு. என்ன செய்வது என்று தெரியாமல் மெஹருன்னிசாவுக்குப் போன் போட எடுத்தேன். கயல் கையை நீட்டினாள்.

“நான்.”

கயல் அதுவரை யாருக்கும் போன் செய்ததில்லை. போன் அவளுக்கு ஆகவே ஆகாது. முகம் தெரியாது, சைகை காட்ட முடியாது, எதிர்முனை பொறுக்காது. ‘ஹலோ... ஹலோ... கேக்கல’ என்று வைத்துவிடுவார்கள். சுமதி என்னைப் பார்த்தாள். நான் போனைக் கொடுத்தேன், ஸ்பீக்கரில்.

“யாரு பேசுறது?”

“க...”

எங்கோ அறுவடை மெஷின் ஓடும் சத்தம். கூண்டில் ஒரு ‘மீப்’. என் நாக்கு நுனியில் அவள் பெயர் முழுசாக நிற்கிறது. சுமதி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்முனையில் ஒரு ‘ஹலோ’ கூட இல்லை. வைத்துவிட்டாரோ?

“க... கயல் பேசுறேன்.”

“சொல்லும்மா கயலு.”

“மு... முட்டை. நாலு!”

“மாஷா அல்லாஹ்! தொடாத. எட்டி எட்டிப் பாக்காத, தாய் மிரண்டுடும். அவிச்ச கோழிமுட்டை கொஞ்சம் நசுக்கி வை...”

பேசினார்கள், பேசினார்கள்... நெடுநேரம். கடைசியில் போன் என் கைக்கு வந்தது. நன்றி சொல்ல நினைத்து, “எப்படிங்க அவ்வளவு நேரம் ஒண்ணும் சொல்லாம இருந்தீங்க?” என்று கேட்டேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சிரித்தார். “அதுவாண்ணே? எங்க வீட்டுக்காரர் போன்ல பேசுறது சவுதியிலேந்து இங்க வந்து சேரவே நேரமாகும். நடுவுல நா ஏதாச்சும் சொன்னா ரெண்டு பேச்சும் முட்டிக்கும். அவருக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது. சும்மா இருந்தா வந்துடும். வருஷக்கணக்கா அப்படித்தான்.”

சும்மா இருந்தா வந்துடும்! பத்து வருஷமாக எனக்கு இது தெரியவில்லை.

நேற்று இரவுச் சாப்பாடு. கயல் தட்டைப் பார்த்தபடி ஆரம்பித்தாள். “அப்பா, இ... இ...”

என் கை தானாக இட்லிப் பாத்திரத்துக்குப் போனது. பாதி வழியில் நிறுத்தினேன். சும்மா இருந்தேன்.

“இ... இன்னொரு தடவ கூட்ட எட்டிப் பாத்தீங்கன்னா, நன்னிலத்துக்குப் போ... போன் பண்ணிச் சொல்லிடுவேன்.”

இத்தனை வருஷமாக இவள் தட்டில் நான் எத்தனை இட்லிகளை வைத்தேனோ!