கரையை மறித்த வாத்துகள்

2010 பொங்கல் விடுமுறையில் நடந்தது இது. குறிஞ்சிப்பாடியைத் தாண்டிப் போனால் ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் தைலமரமும் முந்திரியும் அடர்ந்த ஒரு காடு, காட்டை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா. குடும்பத்தோடு வருகிறவர்கள் அங்கே கூடாரம் போட்டுத் தங்கிக்கொள்ளலாம். ஒரு அடிபம்பும் இரண்டு கழிப்பறைகளும் உண்டு. மற்றபடி மரமும் தண்ணீரும்தான்.

கடலூரில் இருக்கும் எங்களுக்கு அந்த இடத்தைப் பழக்கியவர் என் கணவர். சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு கூடாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லீவு என்றால் ஏரிதான். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட மனுஷர் அவ்வளவு ஆசையாகக் கிளம்ப மாட்டார். சித்திரையில் ஏரி வற்றிக் கிடக்கும்போது போய், வெடித்த தரையில் பந்து விளையாடுவோம். ஐப்பசி மழையில் ஒரு தடவை கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்து, மூன்று பேரும் ஒரே குடைக்குக் கீழே உட்கார்ந்து இட்லி தின்றோம். ஆனால் தை மாதம்தான் அழகு. ஏரி தளும்பி நிற்கும். எங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும்.

எங்கள் மகளுக்கு அப்போது எட்டு வயது. பிறவியிலேயே அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருப்பாள். மாட்டியிருந்தால் பேச்சு புரியும், அவளும் நன்றாகப் பேசுவாள். கழற்றிவிட்டால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் திரும்ப மாட்டாள்.

அந்த மிஷினைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குப் பிடிக்காது. பஸ்ஸில், கல்யாண வீட்டில், ரேஷன் கடையில் என்று எங்கே போனாலும் கேட்பார்கள். பொறக்கும்போதேவா, யார் வழியில வந்தது என்று விசாரித்துவிட்டு உச்சுக் கொட்டுவார்கள். அதனாலேயே அவளுடைய காதுகள் மறைகிற மாதிரி பின்னலைத் தளர்த்திப் போட்டுவிடுவேன்.

அந்த முறை ஏரியின் வடக்குக் கரையில் வாத்து மேய்க்கிற ஒரு கணவனும் மனைவியும் தார்ப்பாய் கட்டித் தங்கியிருந்தார்கள். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகளை மேய்த்தபடி ஊர் ஊராகப் போகிறவர்கள். இரண்டு நாள் கூடாரத்துக்கு நாங்கள் ஒரு வாரம் மூட்டை கட்டுவோம். அவர்களுக்கு வருஷம் முழுக்கக் கூடாரம்தான்.

முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண் குடத்தோடு அடிபம்புக்கு வந்தார். என்னைவிட இரண்டு, மூன்று வயது குறைவாக இருக்கும். என் மகள் ஓடிப்போய் அவருக்குப் பம்பு அடித்துக் கொடுத்தாள். குனிந்து நிமிர்ந்ததில் பின்னல் விலகி, மிஷின் வெளியே தெரிந்துவிட்டது. அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அதையே உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"பாப்பா காதுல என்னாம்மா மாட்டிக்கீது? காது கேக்காதா?"

"உங்க வேலைய பாத்துக்கிட்டுப் போறீங்களா?" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். "ஏன் இப்பிடி மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுற?" என்று கணவர் கடிந்துகொண்டார். என் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். மகள் அப்பாவோடு கரையோரத்தில் ஆசை தீரக் குளித்துவிட்டு வந்தாள். தண்ணீர் படக்கூடாது என்பதால் மிஷின் கூடாரத்துக்குள் அதன் டப்பாவில் இருந்தது. தலை காய்ந்ததும் மாட்டலாம் என்று விட்டுவிட்டேன். அவர் கல் அடுப்பில் மீன் குழம்பு வைக்க, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் உங்களோடு இருக்கிறாள் என்று நானும், உன்னோடு இருக்கிறாள் என்று அவரும் நினைத்துக்கொண்டோம். நிமிர்ந்து பார்த்தபோது அவளைக் காணவில்லை.

கழிப்பறையில் இல்லை. கூடாரத்தில் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன். இரண்டாவது தடவை கத்தும்போதுதான் என் புத்திக்கு உறைத்தது. எவ்வளவு கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. அவர் முந்திரிக் காட்டுக்குள் ஓடினார். நான் ஏரிக்கரை மேல் ஓடினேன்.

கரை வளைகிற இடத்தைத் தாண்டியதும் பார்த்தேன். கரை முழுக்க வாத்து. முந்நூறு, நானூறு இருக்கும், வழியே தெரியாமல் அடைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. நடுவில் என் மகள் சப்பணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். மடி நிறைய வாத்து இறகுகள். சரிவின் கீழே வயல் பக்கம், நீளக் கழியோடு ஒரு ஆள் மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் கணவர்.

பயமெல்லாம் எனக்குக் கோபமாக மாறியது. "சின்னப் புள்ள மேல வாத்த வுட்டு வேடிக்க பாக்குறீங்களா? ஓட்டிக்கிட்டுப் போங்க மொதல்ல" என்று கத்தினேன்.

அவர் கழியை நீட்டி, என் மகளுக்கு அந்தப் பக்கம் காட்டினார். அங்கே மதகு. அதன்மேல் ஒரு பலகை அகலத்துக்குத்தான் நடைபாதை. கைப்பிடி கிடையாது. கீழே மதகு திறந்திருந்தது. தண்ணீர் சுழித்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. என் மகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அதற்கும் இருபது அடி தூரம்கூட இருக்காது.

"எறகு பொறுக்கிக்கினே குனிஞ்ச தல நிமிராம போச்சுமா. மூணு தபா கூப்டேன், திரும்பல. காதுல மிஷின் வச்ச புள்ளன்னு என் வீட்டுக்காரி நேத்து சொல்லிச்சி. அப்பத்தான் நெனவு வந்துது. வயலு சேறு, நான் ஏறி வர்றதுக்குள்ள அங்க போயிடும். வாத்து சீக்கிரம் ஏறிடும். அதான் மேல ஏத்தி வுட்டேன்."

வாத்துகளுக்கு நடுவிலேயே உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டேன். நான் ஏன் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு இறகை எடுத்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

என் கணவரும் வந்து சேர்ந்ததும் மூன்று பேரும் அவர்களுடைய தார்ப்பாய்க் கூடாரத்துக்குப் போனோம். அந்தப் பெண் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நேற்றுப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே பாய் எடுத்துப் போட்டு, "குந்துங்கம்மா" என்றார்.

"நேத்து நீங்க கேட்டப்ப நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"அத்த வுடுங்க. என் தங்கச்சிக்கும் காது கேக்காதும்மா. மங்கலம்பேட்டை கிட்ட, எங்கம்மா ஊட்டுல கீறா. பத்தொம்போது வயசு. இப்பிடி ஒரு மிஷின் கீதுன்னே எங்களுக்குத் தெரியாது. எங்க வாங்குனீங்கன்னு கேக்கலாம்னுதான் வந்தேன்."

பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் நான் அவருக்குப் பதில் சொல்லியிருந்தேன். அவர் என்ன கேட்க வந்தார் என்பதைக் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. அத்தனை பேச்சு வாங்கிய பிறகும் அந்தப் பெண் போய்த் தன் கணவரிடம் என் மகளைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார்.

எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி, எங்கள் வீட்டு விலாசத்தோடு கொடுத்தேன். அன்று மத்தியானம் எங்கள் மீன் குழம்பும் அவர்களுடைய சோறும் ஒரே பாயில். என் மகள் வாத்துகளுக்கெல்லாம் பெயர் வைக்க ஆரம்பித்து, முப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

வருவார்கள் என்று நான் நிச்சயமாக நினைக்கவில்லை. ஆனால் சித்திரையில் ஒரு நாள் அக்காவும் தங்கையும் எங்கள் வாசலில் நின்றார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். சோதித்துப் பார்த்த டாக்டர், ரொம்ப வருஷம் தள்ளிப்போய்விட்டது, மாட்டினாலும் பேச்சு புரிவது கஷ்டம், சத்தம் மட்டும் தெரியலாம் என்றார். இன்னும் கொஞ்சம் நல்ல சேதியை நான் எதிர்பார்த்திருந்தேன். அக்காவோ, "அது போதும் சார்" என்றார்.

நாலைந்து தடவை அலைந்த பிறகு ஒரு மிஷின் கிடைத்தது. அன்று என் மகளும் கூட வந்திருந்தாள். அதை மாட்டிக்கொண்டு வெளியே வந்த தங்கை ரோட்டில் பஸ் ஹாரன் அடித்ததும் திடுக்கிட்டு, என் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என் மகள், "பஸ், பஸ்" என்று வாயை நன்றாகத் திறந்து சொல்லிக் காட்டினாள். பின்னால் வந்த அக்கா தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அது தன் பெயர் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் திரும்பினாள். அக்கா நடுரோட்டில் நின்று இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்புறம் இன்னொரு தடவை.

இப்போது என் மகளின் காதைப் பார்த்து யாராவது கேட்டால், வீட்டில் யாருக்காகக் கேட்கிறார்களோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. எவ்வளவு அவசரமாக இருந்தாலும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.